முப்பது மில்லிப் புட்டியும் மாயாற்றுப் பாறுகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிச் சொற்பொழிவு என்றால் அவையில் இருப்பவர்கள் புலியை எதிர்பார்ப்பது வழக்கம். யானை வந்தாலும் சரி என்று ஒப்புக்கொள்வார்கள். இந்த உரை எடுத்துக்கொண்டிருப்பதோ கழுத்தில் இறகில்லாத, நடையில் அழகில்லாத, செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டுத் தின்கிற ஒரு பறவையை. நூல்களில் பாறு, ஊர்ப்பக்கம் பிணந்தின்னிக் கழுகு. ஓர் உயிரினம் ஏன் அழிகிறது என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் கண்டுபிடித்து, அந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டே அரசாணை போடவைத்து, அந்த ஆணையால் என்ன விளைந்தது என்பதையும் களத்தில் அளந்து பார்த்த நிகழ்வுகள் இந்தியாவில் அதிகம் இல்லை. அந்தச் சின்னப் பட்டியலில் பாறுகளுக்கே முதலிடம் தரலாம். இந்த வழக்கின் குற்றவாளி காட்டுக்குள் துப்பாக்கியோடு அலைந்தவன் அல்ல. மாட்டுக்கு வலி தீரட்டும் என்று நல்லெண்ணத்தோடு போட்ட ஊசி.

1980களில் வெண்முதுகுப் பாறுதான் உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் வாழும் பெரிய இரைகொல்லிப் பறவையாக இருக்கும் என்று பறவையியலாளர்கள் கருதினார்கள். இந்தியாவில் காணப்படும் பாறு இனங்கள் ஒன்பது. அவற்றில் வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் ஊரை ஒட்டியே வாழ்ந்தவை. காரணம் எளியது. இந்த நாட்டில் மாடு ஏராளம். செத்த மாட்டைத் தின்பவர்கள் குறைவு. தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே போட்டுவிட்டு வந்தால் மீதி வேலையைப் பாறுகள் பார்த்துக்கொள்ளும். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிஞ்சும். அந்த எலும்பைப் பொறுக்கி உர ஆலைக்கு விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். அடைப்பான் கிருமி ஏறிய இறைச்சியைக்கூடச் செரித்துவிடும் அளவுக்கு அவற்றின் இரைப்பை அமிலம் கடுமையானது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் நேரத்தில் மலைக்கு வந்து குருக்கள் தந்த உணவைத் தின்றுவிட்டுப் போன அந்த இரண்டு கழுகுகளும் மஞ்சள்முகப் பாறுகளே. 1990கள் முடிவதற்குள் அவையும் வராமல் போயின.

எங்கும் நிறைந்திருந்த பறவை என்பதால் அதை எண்ணவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மட்டும் ஒருவர் எண்ணிவைத்திருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ், அங்கே இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்தபோது, 1987-88 பருவத்தில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353 என்று குறித்துவைத்தார். 1996-இல் மீண்டும் போனபோது அதில் பாதிகூட இல்லை. பறவைகள் கிளையில் உட்கார்ந்தபடி கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தன. சில மரத்திலேயே செத்துத் தொங்கின. அடுத்த சில ஆண்டுகளில் பூங்காவில் கூடே இல்லை என்றானது.

ஒரு பூங்காவின் கணக்கை வைத்து நாட்டைப் பற்றிப் பேச முடியாது. இங்கேதான் பழைய வேலை ஒன்று கைகொடுத்தது. 1991 முதல் 1993 வரை இதே கழகம் வட இந்தியச் சாலைகளில் வண்டியில் போய்க்கொண்டே கண்ணில் படும் இரைகொல்லிப் பறவைகளை எல்லாம் எண்ணியிருந்தது. பாறுகளுக்கு ஆபத்து என்று யாரும் கனவுகூடக் காணாத காலத்தில், வேறு நோக்கத்துக்காக எடுத்த கணக்கு அது. 2000-இல் அதே சாலைகளில் மறுபடி போனார்கள். பிறகு 2002, 2003, 2007. கடைசிக் கணக்கெடுப்பில் கடந்த தொலைவு மட்டும் பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிடைத்த விடை: 1990களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது. அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லலகுப் பாறும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு.

1991-இல் அந்தச் சாலைக் கணக்குக்கு நிதி கேட்டபோது, ‘இதனால் என்ன பயன்?’ என்று ஒரு கேள்வி எழுந்திருந்தால் நேர்மையான பதில் எதுவும் இருந்திருக்காது. இன்றைக்கும் பூச்சி, தவளை, புல் இவற்றைக் கணக்கெடுக்கப் போகிறவர்களிடம் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. பல்லுயிர் ஆய்வின் பெரும்பகுதி இப்படிப்பட்ட சுவாரசியமில்லாத எண்ணிக்கைகளால் ஆனது. அதற்கு நிதி தர மறுப்பவர்கள் பரத்பூர்க் குறிப்பேட்டை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

காரணம் என்ன என்பதில் தொடக்கத்தில் ஆளுக்கொரு கருத்து. உணவில்லை என்றார்கள், ஆனால் செத்த மாடுகள் தின்ன ஆளில்லாமல் அழுகிக் கிடந்தன. பூச்சிமருந்து என்றார்கள், உடலில் கிடைத்த அளவு சாவுக்குப் போதவில்லை. கழுத்துத் தொங்குவதையும் சாவு பரவிய வேகத்தையும் பார்த்தவர்கள் ஏதோ புதிய வைரஸ் என்றே நம்பினார்கள். அந்த நம்பிக்கை சில ஆண்டுகளைத் தின்றது.

முடிச்சு அவிழ்ந்தது எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை நோயியலாளர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில் ஒரு குழு 2000-இலிருந்து அங்கே செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்துவந்தது. பறவைகள் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் நின்றுபோனால் அந்த அமிலம் இரத்தத்தில் தேங்கி, உள்ளுறுப்புகளின் மேல் படிகமாக உறைந்துவிடும். ஓக்ஸ் அறுத்த பறவைகளில் ஈரலின் மேலும் இதயத்தைச் சுற்றிய சவ்வின் மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படிவு இருந்தது. சோதித்த 259 பறவைகளில் 85 விழுக்காட்டுக்கு இதே நிலை. செத்தவை பெரும்பாலும் நல்ல உடற்கட்டோடு, பட்டினியின் அடையாளம் எதுவும் இல்லாமல் இருந்தன.

காரீயம், ஆர்சனிக், பூச்சிமருந்து, தெரிந்த வைரஸ்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கைவிட்ட பிறகு குழு கேள்வியையே மாற்றியது. பாறு தின்பது கால்நடையை. அப்படியானால் கால்நடைக்கு என்ன கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் தேடிப்போய் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, வாய்வழியாக உடலில் சேரக்கூடியது, அண்மையில் பழக்கத்துக்கு வந்தது என்ற மூன்று சல்லடையிலும் சலித்தபோது மிஞ்சியது டைக்ளோஃபினாக். மனிதர்கள் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் விழுங்குகிற அதே மருந்து. வெள்ளைப் படிவோடு செத்த 25 பாறுகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள். 25-லும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. இனிப் பறக்கவே முடியாதபடி அடிபட்டுக் கூண்டில் இருந்த சில பாறுகளுக்கு அந்த மருந்தையும், அந்த மருந்து கொடுத்த கால்நடையின் இறைச்சியையும் கொடுத்துப் பார்த்தபோது அவையும் அதே வெள்ளைப் படிவோடு செத்தன. 2004-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளிவந்தது.

ஐந்து கிலோ எடையுள்ள ஒரு பாறு சாக ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் போதும். ஆனால் மருந்து போட்ட மாடு எல்லாமா செத்துப்போகிறது? செத்தாலும் மருந்து உடலில் இருக்கும் இரண்டு மூன்று நாளுக்குள் செத்தால்தானே ஆபத்து? நியாயமான ஐயம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரீஸ் கிரீன் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நூறு சடலங்களில் ஒன்றில்கூட வேண்டாம், 0.13 முதல் 0.75 விழுக்காடு சடலங்களில் நஞ்சு இருந்தாலே கண்ணால் கண்ட வீழ்ச்சிக்குப் போதுமானது என்பது அவர் குழுவின் முடிவு. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இதை யாரும் சரிபார்க்கலாம். ஒரு பாறு மூன்று நாளுக்கு ஒருமுறை வயிறு நிறையத் தின்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 120 வேளை. இருநூறு சடலத்தில் ஒன்று நஞ்சு என்றால், 120 வேளையும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு பாதியைச் சற்றே தாண்டும். மீதிப் பேர் அந்த ஆண்டே காலி. சாலைக் கணக்கு காட்டிய வீழ்ச்சியும் ஆண்டுக்கு 44 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அதோடு ஒரு சடலத்தில் இறங்குவது ஒரு பறவை இல்லை, கூட்டம். பின்னால் இந்தியாவில் 2004-05-இல் 1,800-க்கும் மேற்பட்ட கால்நடைச் சடலங்களின் ஈரலைச் சோதித்தபோது பத்தில் ஒன்றில் மருந்து இருந்தது தெரியவந்தது. பாறுகள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே வியப்பு.

அரசு இம்முறை காலம் தாழ்த்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2005 மார்ச்சில் பிரதமர் தலைமையிலான தேசியக் காட்டுயிர் வாரியம் கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கைக் கைவிடப் பரிந்துரைத்தது. 2006 மே மாதத்தில் கால்நடைக்கான உற்பத்தி உரிமங்களை விலக்கிக்கொள்ள ஆணை போனது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் தடை செய்தன, வங்கதேசம் 2010-இல். இந்த வேகத்துக்கு ஒரு காரணம், ‘இது கூடாது’ என்று சொன்ன ஆய்வாளர்கள் ‘இதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இன்னொன்றையும் கையில் வைத்திருந்தது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை முதலில் தென்னாப்பிரிக்காவில், அழிவின் விளிம்பில் அப்போது இல்லாத ஆப்பிரிக்கப் பாறுகளுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகே இந்தியப் பாறுகளுக்கு. 2006-இல் அந்த முடிவு வெளிவந்தது. மருந்துக்குக் காப்புரிமைத் தொல்லையும் இல்லை. மாற்று வழி சொல்லாமல் மாட்டுக்காரரிடம் மருந்தைப் பிடுங்கியிருந்தால் அந்த ஆணை தாளோடு நின்றிருக்கும்.

ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது. அதன் அளவு முப்பது மில்லி.

மனிதருக்கு டைக்ளோஃபினாக் ஊசி ஒருவேளைக்கு மூன்று மில்லி. அதைச் சட்டப்படி விற்கலாம், இன்றும் விற்கிறார்கள். ஆனால் தடைக்குப் பிறகு கடைகளில் ‘மனிதப் பயன்பாட்டுக்கு’ என்று அச்சிட்ட முப்பது மில்லிப் புட்டிகள் புழங்கின. பத்துப் பேருக்கு ஒரே புட்டியிலிருந்து ஊசி போடும் அளவுக்கு எந்த மருத்துவமனையில் கூட்டம்? முந்நூறு கிலோ மாட்டுக்கு அந்த அளவு கச்சிதம். 2007-க்கும் 2010-க்கும் இடையில் பதினோரு மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட மருந்துக் கடைகளுக்கு ஆய்வாளர்கள் போய், மாட்டுக்கு வலி மருந்து வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். 36 விழுக்காடு கடைகளில் டைக்ளோஃபினாக் கிடைத்தது. இதையும் ஆய்வு என்றே சொல்லவேண்டும். தொலைநோக்கியும் கூடாரமும் இல்லாத களப்பணி. 2015 ஜூலையில் மனிதருக்கான ஊசிமருந்தை ஒருவேளைக்குரிய மூன்று மில்லிப் புட்டியில் மட்டுமே விற்கலாம் என்று அரசு அறிவித்தது. மருந்து உற்பத்தியாளர்கள் எதிர்த்து வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அரசின் அறிவிப்பு செல்லும் என்றது. பாறுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் தீர்ப்புக்கு ஒரு சரணாலய அறிவிப்புக்குரிய இடத்தைத் தரலாம்.

பிறகும் கதை முடியவில்லை. டைக்ளோஃபினாக் விட்ட இடத்தில் அதன் உறவினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர் மாறியது, நஞ்சு மாறவில்லை. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010-வாக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கால்நடைக்கு இவை இரண்டையும் இந்தியா தடை செய்தது 2023 ஜூலை இறுதியில். பதின்மூன்று ஆண்டு இடைவெளி. கீட்டோபுரோஃபெனை வங்கதேசம் 2021-லேயே நாடு முழுவதும் விலக்கியிருந்தது. நிமெசுலைடு கொடுத்த மாட்டைத் தின்ற பாறுகளும் அதே வெள்ளைப் படிவோடு செத்தன. அதன் மீதான தடை இன்னும் பின்னால் வந்தது. பிழை கீழை நாடுகளுக்கு மட்டும் உரியது என்று யாரும் எண்ணவேண்டாம். எல்லாம் தெரிந்த பிறகு, 2013-இல், ஐரோப்பாவின் பாறுகளில் மிகப் பெரும்பகுதி வாழ்கிற ஸ்பெயின் கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கை அனுமதித்தது. 2020-இல் கட்டலோனியாவில் ஒரு கரும்பாறு அதனாலேயே செத்துக் கிடந்தது.

ஒவ்வொரு மருந்தும் முதலில் சந்தைக்கு வருகிறது, பறவை சாகிறது, ஆய்வாளர் நிதி திரட்டி, பறவை தேடி, அனுமதி வாங்கி நிரூபிக்கிறார், பிறகு தடை. இந்த வரிசையே தலைகீழாக இருக்கிறது. புதிய கால்நடை வலி மருந்துக்கு உரிமம் கேட்கும் நிறுவனமே, அது பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று தன் செலவில் காட்டட்டும் என்பது பாதுகாப்பாளர்கள் பல ஆண்டுகளாக வைக்கும் கோரிக்கை. அது நியாயமானது, நடைமுறைக்கும் ஒத்தது. மெலாக்சிகாமைச் சோதித்த முறை கண்முன்னே இருக்கிறது. டோல்ஃபெனாமிக் அமிலமும் அதேபோல் சோதித்துப் பாதுகாப்பானது என்று அறியப்பட்ட மருந்துதான்.

இதெல்லாம் பறவைப் பிரியர்களின் கவலை என்று நினைப்பவர்களுக்குப் பொருளியலாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய இருவரும் பாறுகள் முன்பு நிறைந்திருந்த மாவட்டங்களையும் இல்லாதிருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த கட்டுரை 2024-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’வில் வந்தது. பாறுகள் போன பிறகு அந்த மாவட்டங்களில் மனிதரின் இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடியது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் ஐந்து லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. அழுகும் சடலம், அதைத் தின்று பெருகும் நாய், நாய்க்கடி, கெட்டுப்போன நீர் என்று அதன் வழிகள் பல. மதிப்பீடு என்பதால் அந்த எண்ணைப் பொருளியலாளர்கள் இன்னும் விவாதிக்கக்கூடும். நாய்கள் பெருகியதை விவாதிக்க ஒன்றுமில்லை. மும்பையில் பார்சி சமூகம், இறந்தோரின் உடலைப் பாறுகளுக்கு விடும் தன் அமைதிக் கோபுரங்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டி வந்ததும் இதே இழப்பால்தான்.

இனி மாயாறு.

தீபகற்பத்தின் தென்கோடிப் பகுதியில் பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து நிலைத்திருக்கிற பெரிய இடம் நீலகிரி மலையின் வடக்குச் சரிவும் அதன் கீழுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கும். முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு என்று மூன்று மாநிலக் காடுகள் இங்கே ஒட்டிக்கிடக்கின்றன. மலை மறைத்துவிடுவதால் சீகூர்ப் பீடபூமியில் மழை குறைவு. உயர்ந்த மழைக்காடு இல்லை. முள்ளும் புதரும் நடுவே வெட்டவெளியும். பாறுக்கு இதுவே வசதி, ஏனென்றால் அது மோப்பம் பிடித்து இரை தேடுவதில்லை. கண்ணால் தேடுகிறது. வெயில் ஏறித் தரை சூடாகிக் காற்று மேலெழும்பியதும் அதில் ஏறி வட்டமடித்து, கீழே சடலத்தையும், பக்கத்து வானில் இறங்கும் இன்னொரு பறவையையும் ஒரே நேரத்தில் நோட்டமிடும்.

வெண்முதுகுப் பாறுகள் மாயாற்றங்கரையின் உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு வைக்கின்றன. குச்சிகளை அடுக்கிய அகன்ற மேடை, நடுவில் இலை, ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். கருங்கழுத்துப் பாறு மரத்தை நாடுவதில்லை. செங்குத்தான பாறை முகட்டின் விளிம்பே அதற்கு வீடு. செந்தலைப் பாறு கூட்டத்தோடு சேராமல் இணையாகத் திரியும். மஞ்சள்முகப் பாறு எண்ணிக்கையில் மிகச் சில.

மற்ற இடங்களில் பெரும்பாலும் துடைத்தெறியப்பட்ட பறவை இங்கே ஏன் தங்கியது? புலியும் செந்நாயும் கொன்று போட்ட கடமானும் புள்ளிமானும் இங்கே கிடைக்கின்றன. காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடுவதில்லை. அந்த வகையில் புலிகள் காப்பகம் பாறுகளுக்கு மறைமுகமான காப்பு. ஆனால் அந்தக் காப்புக்கு வேலி கிடையாது. ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் போய்வரக்கூடிய பறவைக்குக் காப்பக எல்லை என்ற ஒன்று இல்லை. மசினகுடி பக்கத்திலேயே சாணத்துக்காகவே மாடு வளர்க்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு; காட்டுக்குள் மேயும் அந்த மாடு புலியிடம் மாட்டினால், அதற்கு முந்தின நாள் போட்ட ஊசியும் பாறின் வயிற்றுக்குப் போகும்.

கோவையைச் சேர்ந்த அருளகம் என்ற அமைப்பும் அதன் செயலாளர் சு. பாரதிதாசனும் இங்கே செய்துவரும் வேலை இதனால்தான் காட்டைவிடக் காட்டைச் சுற்றிய ஊர்களில் அதிகம் நடக்கிறது. கால்நடை மருத்துவர், மருந்துக் கடை, ஆடு மாடு வைத்திருப்போர், பள்ளிப் பிள்ளைகள், கிராம சபை என்று போய், எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்று சொல்வதே அதன் பெரும்பகுதி. மெலாக்சிகாம் போட்டால் வலி குறைய நேரமாகிறது என்று மாட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டால் அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும். படம் பிடித்துத் தொலைக்காட்சியில் காட்ட இதில் எதுவும் இல்லை.

காட்டுக்குள்ளும் சிக்கல் இல்லாமல் இல்லை. செத்த விலங்கைப் புதைப்பதும் எரிப்பதும் வனத்துறையின் பழைய வழக்கம். இயற்கையாகச் செத்ததைப் பாறுகளுக்கு விட்டுவைக்கவேண்டும் என்று பாதுகாப்பாளர்கள் தொடர்ந்து கேட்டு, மாயாற்றுப் பக்கம் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்னொன்று உண்ணிச்செடி. பூந்தோட்டத்துக்கு என்று வந்த இந்தச் செடி இப்போது முதுமலைக் காட்டின் அடித்தளம் எங்கும் மண்டிக்கிடக்கிறது. அதன் புதருக்குள் கிடக்கும் சடலம் மேலிருந்து தெரியாது. தெரிந்தாலும் இரண்டு மீட்டருக்கு மேல் சிறகு விரிகிற பறவையால் அதற்குள் இறங்கி, ஆபத்து என்றால் ஓடி எழும்ப முடியாது. களையெடுப்பும் பாறுப் பாதுகாப்பும் ஒரே வேலையாகிவிடும் இடம் இது.

எல்லாவற்றையும்விடச் சடுதியில் கொல்லக்கூடியது நஞ்சு வைத்த சடலம். மாட்டை அடித்த புலியின் மேலுள்ள ஆத்திரத்தில், மிஞ்சிய உடலில் பூச்சிமருந்தைத் தடவிவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் இப்படித்தான் செத்தன. அதே சடலத்தில் ஒரு பாறுக் கூட்டம் இறங்கியிருந்தால் பல ஆண்டுப் பெருக்கம் ஒரு பகலில் போயிருக்கும். புலி அடித்த மாட்டுக்கு இழப்பீட்டைத் தாமதமில்லாமல் கொடுப்பதற்கும் பாறுகள் பிழைப்பதற்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கிறது. இழப்பீட்டுக் கோப்பைப் பார்க்கும் எழுத்தர் தன்னைக் காட்டுயிர்ப் பாதுகாவலர் என்று நினைத்திருக்க மாட்டார்.

தமிழ்நாடு அரசு 2022-இல் பாறுப் பாதுகாப்புக்கு மாநில அளவில் ஒரு குழு அமைத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே நாட்களில், ஒரே நேரத்தில் எண்ணின. தனித்தனி நாளில் எண்ணினால் காலையில் முதுமலையில் கணக்கில் வந்த பறவையே மறுநாள் வயநாட்டிலும் வந்துவிடும். கிடைத்தது 246. அந்த ஆண்டின் கடைசி நாட்களில் நடந்த இரண்டாம் கணக்கில் 320. 2025-இல் 390, அதில் தமிழ்நாட்டில் மட்டும் 157. எண் ஏறுகிறது என்று கைதட்டுவதற்கு முன் ஒரு நிதானம் தேவை. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது. குஞ்சு பருவமடைய ஐந்து ஆண்டு ஆகும். இரண்டே ஆண்டில் 246 என்பது 390 ஆவதில் பிறப்பின் பங்கு சிறிது. எண்ணும் இடங்கள் கூடியதும் எண்ணுபவர்கள் தேர்ந்ததும் பெரிது. குறையவில்லை என்று நம்ப இடமிருக்கிறது. அதுவே நல்ல செய்திதான்.

வடக்கே வேறு வழியும் நடக்கிறது. ஹரியாணாவின் பிஞ்சோரில் 2004 முதல் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள்; மேற்கு வங்கத்தின் ராஜாபாத்காவா, அசாமின் ராணி, போபால் ஆகிய இடங்களிலும் இத்தகைய மையங்கள் உண்டு. வெளியே நஞ்சு இருக்கும்வரை கூண்டுப் பறவையைத் திறந்துவிடுவது வீண் என்பதால் பிஞ்சோரில் வளர்ந்த வெண்முதுகுப் பாறுகளைப் பறக்கவிட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேபாளத்தின் பித்தௌலி கிராமம் இன்னும் சுவையான சோதனை. கிழட்டு மாடுகளை ஊரார் வாங்கிக் கடைசிக் காலம் வரை பராமரிக்கிறார்கள். வலி மருந்து உடலில் இல்லை என்று உறுதியான பிறகே அதன் சடலம் பாறுகளுக்கு. 2006-இல் தொடங்கிய அந்த இடத்துக்கு ஜடாயு உணவகம் என்று பெயர். பார்க்க வருகிறவர்களிடம் கட்டணமும் வாங்குகிறார்கள். நேபாளத்தின் மேற்குப் பகுதிகளில் 2013-க்குப் பிறகு பாறுகள் மெல்ல ஏறத் தொடங்கியதைச் சாலைக் கணக்குகள் காட்டின. அதற்கு உணவகத்தைவிட, கடைகளிலிருந்து டைக்ளோஃபினாக் உண்மையிலேயே மறைந்ததுதான் பெரிய காரணம்.

பாறுகள் கூடு வைத்த இடத்தைச் சுற்றி நூறு கிலோமீட்டர் ஆரத்துக்கு நஞ்சு மருந்து இல்லாத வட்டம் வேண்டும் என்பது இப்போது தெற்காசியா முழுவதும் பின்பற்றப்படும் அளவுகோல். மாயாற்றை நடுவில் வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் கோயம்புத்தூர், மைசூரு, வயநாடு மூன்றும் உள்ளே விழுகின்றன. வனத்துறை, கால்நடைத்துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்று மூன்று துறை. அதை மூன்று மாநிலத்தால் பெருக்கினால் ஒன்பது அலுவலகம். மருந்துக்கு நாடளாவிய தடை போடும் அதிகாரம் தில்லியில். பாறுகளை எண்ண மூன்று மாநிலமும் ஒரே நாளில் இறங்க முடிந்திருக்கிறது. அதே மூன்று மாநிலமும் ஒரே வாரத்தில் அந்த வட்டத்துக்குள் இருக்கும் மருந்துக் கடைகளுக்குள் நுழைந்து, மாட்டுக்கு என்ன தருகிறார்கள் என்று பார்ப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை; அடுத்த பாறுக் கணக்கெடுப்போடு சேர்த்தே அதையும் செய்துவிடலாம்.